வலி போனதும் ஓடிவிடாதீர்கள்: ஓட்டக் காயத்திலிருந்து மீண்டும் பயிற்சிக்குத் திரும்ப ஒரு முழு வழிகாட்டி

கணைக்கால் எலும்பின் உட்புறம் வலித்ததால் ஓட்டத்தை நிறுத்தியிருந்தேன். 12-வது நாள் படியிறங்கும்போது வலி தெரியவில்லை. அன்று மாலையே 8 கிலோமீட்டர் ஓடினேன். மூச்சு வாங்கவில்லை, கால் லேசாக இருந்தது, மனதும்தான். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கிக் கால் ஊன்றியதும் பழைய குருடி கதவைத் திறடி கதை. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்சம் மெதுவாக என்று சமாளித்துக்கொண்டே மூன்று வாரம் ஓட்டினேன். ஸ்கேன் எடுத்தபோது எலும்பில் மயிரிழை விரிசல். ஆறு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் நான்கு மாதத்தைத் தின்றது.

வலி நிற்பது ஒன்று, காயம்பட்ட இடம் ஓட்டத்தின் சுமையைத் தாங்கத் தயாராவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் சில வாரங்கள் இருக்கின்றன. காயம் திரும்ப வருவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

ஏன் இந்த இடைவெளி?

நம் உடலில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு கடிகாரம். நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முதல் மூன்று வாரத்தில் 7 சதவீதம் போலக் குறைகிறது என்று 1984-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது மூன்று வாரம் சும்மா இருந்தவருக்கும் மூச்சு கிட்டத்தட்ட பழையபடியே இருக்கும். தசை சில வாரங்களில் ஆறும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

எலும்பு விஷயம் இன்னும் விசித்திரம். பழுதான பகுதியை உடல் முதலில் அரித்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் புது எலும்பை நிரப்புகிறது. அரித்தெடுக்கச் சில வாரம், நிரப்பி இறுகச் சில மாதம். பழைய சுவரை இடித்தாயிற்று, புதுச் சுவர் இன்னும் காயவில்லை என்கிற அந்தச் சமயத்தில் போய்ச் சாய்ந்தால் என்ன ஆகும்? ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் தரை நம்மை உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசையோடு திருப்பி உதைக்கிறது. இதயமும் நுரையீரலும் 'போகலாம்' என்று சொல்லும்போது எலும்பும் தசைநாணும் அதைத் தாங்கும் நிலையில் இருக்காது. நான் மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

முதல் படி: எது சாதாரணம், எதற்கு டாக்டரிடம் ஓட வேண்டும்

ஓட்டக்காரர்களுக்கு வரும் காயங்களில் பெரும்பாலானவை விழுந்தோ மோதியோ வருவதில்லை. தாங்கும் அளவைவிடச் சுமை வேகமாகக் கூடியதால் வருகின்றன. முழங்கால் சில்லைச் சுற்றி வலி, முழங்காலின் வெளிப்பக்க வலி, ஷின் ஸ்ப்ளிண்ட் எனப்படும் கணைக்கால் வலி, குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாண் வலி, காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும் குதிகால் வலி, கெண்டைக்கால் பிடிப்பு என்று பட்டியல் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். இவற்றை ஃபிசியோ துணையோடு, பல நேரம் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

ஆனால் கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள்:

- காலை ஊன்றி நாலடி வைக்க முடியவில்லை, அல்லது நொண்டாமல் நடக்க முடியவில்லை.
- எலும்பில் ஒரே ஒரு புள்ளியை விரலால் அழுத்தினால் உயிர் போகிறது. ஒற்றைக்காலில் குதித்தால் அதே புள்ளியில் வலிக்கிறது. ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறது.
- தொடை இடுக்கில் ஆழமான வலி, ஓட ஓடக் கூடுகிறது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் இருந்தால் இப்படித்தான் இருக்கும். அலட்சியம் செய்தால் முழுதாக உடைந்து அறுவைசிகிச்சை வரை போகலாம்.
- குதிகாலுக்கு மேலே யாரோ உதைத்தது போல 'டப்' என்ற சத்தம். அதற்குப் பிறகு முன்பாதத்தில் எழும்ப முடியவில்லை.
- கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, சிவந்திருக்கிறது. இது ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம். கூடவே மூச்சுத்திணறலும் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.
- முழங்கால் பாதியில் பூட்டிக்கொள்கிறது, வீங்குகிறது, அல்லது காலில் மரத்துப்போகும் உணர்வு இருக்கிறது.

எலும்பு விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. 'எக்ஸ்ரே நார்மல்' என்றதும் நான் போட்ட ஆட்டத்தைத்தான் மேலே சொன்னேன். ஒரு புள்ளியில் வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

காயம் சாதாரணமானது என்று தெரிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். கடந்த ஆறு வாரத்தில் என்ன மாறியது என்று எழுதிப் பாருங்கள். தூரம் கூடியதா, வேகப் பயிற்சி சேர்த்தீர்களா, மேட்டில் ஓடினீர்களா, தூக்கம் கெட்டதா, புது ஷூவா? விடை பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும்.

இரண்டாம் படி: முதல் சில நாட்கள்

ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், காலை உயர்த்தி வைத்தல் என்ற பழைய சூத்திரத்தை 1978-ல் பிரபலப்படுத்தியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே மாற்றிச் சொன்னார். அதற்காக ஐஸையே தொடக் கூடாது என்றில்லை. வலி தாங்கவில்லை என்றால் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம். அது வலியை அடக்கும், குணப்படுத்தாது.

தசைப் பிடிப்போ சுளுக்கோ என்றால் இரண்டு மூன்று நாள் பாதுகாப்பாக வைத்திருந்து, வலி கூடாத அளவுக்கு அசைக்க ஆரம்பியுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். தீயணைப்பு மணியின் ஒயரை வெட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிற வேலை அது.

மூன்றாம் படி: மூச்சைக் காப்பாற்றுங்கள்

ஓடாத நாட்களில் இதயத்துக்கு வேலை கொடுக்கச் சைக்கிள், நீச்சல், ஆழமான தண்ணீரில் மிதவை கட்டிக்கொண்டு ஓடுவது ஆகியவை உண்டு. ஓட்ட அசைவுக்கு மிக நெருக்கமானது தண்ணீர் ஓட்டம். கால் தரையைத் தொடாததால் அதிர்ச்சி இல்லை. பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், பரவாயில்லை. வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தீர்களோ அதே நேரத்தை இதற்குக் கொடுங்கள். கிலோமீட்டரை மறந்துவிட்டு நிமிடத்தை எண்ணுங்கள். ஒரே நிபந்தனை, செய்யும்போதும் மறுநாளும் காயத்தில் வலி கூடக் கூடாது.

நான்காம் படி: பலம் சேர்க்கும் வாரங்கள்

பலர் தாவிக் குதித்துப் போய்விடும் படி இது. ஓய்வு வலியைக் குறைக்கும். ஆனால் எந்தப் பலவீனத்தால் காயம் வந்ததோ அது ஓய்வில் இன்னும் கூடத்தான் செய்யும். தசைநாணும் எலும்பும் சுமையைக் கொடுத்தால்தான் வலுவாகும். ஆகவே அளவறிந்து சுமை கொடுப்பதுதான் மருந்து.

கெண்டைக்காலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஓட்டத்தில் அதிகம் உழைப்பதும் நாம் அதிகம் அலட்சியப்படுத்துவதும் அதைத்தான். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, மூன்று விநாடியில் மேலே எழும்பி, ஒரு விநாடி நின்று, மூன்று விநாடியில் இறங்குங்கள். முதலில் இரண்டு காலாலும், பிறகு ஒற்றைக்காலால், அதுவும் சுலபமானதும் முதுகுப்பையில் எடை போட்டுக்கொண்டு. 12 முதல் 15 முறை, மூன்று சுற்று. இதையே முழங்காலை மடக்கி வைத்தும் செய்ய வேண்டும். கெண்டைக்காலின் அடியில் இருக்கும் சோலியஸ் தசைக்கு அப்போதுதான் நேரடி வேலை. ஓடும்போது உடல் எடையைப்போல் பல மடங்கு தாங்குவது அந்தத் தசைதான்.

அக்கிலிஸ் தசைநாணில் வலி இருப்பவர்களுக்கு ஒரு புகழ்பெற்ற முறை உண்டு. 1998-ல் சுவீடனைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃபிரட்சன் குழு வெளியிட்டது. குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்கும் பயிற்சி. 15 முறை மூன்று சுற்று, முழங்காலை நீட்டி ஒருதடவை, மடக்கி ஒருதடவை, தினம் இருவேளை, 12 வாரம். இன்று இவ்வளவு தீவிரமாகச் செய்யாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் கனமான எடையோடு மெதுவாகச் செய்தாலும் இதே பலன் கிடைக்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: வலி தசைநாணின் நடுவில் இல்லாமல் குதிகால் எலும்போடு ஒட்டும் இடத்தில் இருந்தால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கக் கூடாது. சமதரையில் மட்டும் செய்யுங்கள்.

காலையில் முதல் அடியில் குத்தும் குதிகால் வலிக்கும் படிக்கட்டில் குதிகாலைத் தூக்கி இறக்கும் அதே பயிற்சிதான், கால்விரல்களுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் வித்தியாசம். விரல்கள் மேல்நோக்கி வளைவதால் பாதத்தின் அடிச்சவ்வு இழுபட்டுச் சுமை அங்கே போய்ச் சேரும். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

முழங்கால் வலிக்கு முழங்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. இடுப்புப் பக்கத் தசைகளும் தொடையின் முன்தசையும் வலுவாக வேண்டும். பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குவது, நாற்காலி வரை உட்கார்ந்து எழுவது, தாழ்வான படியிலிருந்து ஒற்றைக்காலில் மெதுவாக இறங்குவது ஆகியவற்றை வாரத்துக்கு மூன்று நாள் செய்யுங்கள். முழங்காலின் வெளிப்பக்கம் வலிப்பவர்களுக்கும் இதேதான். அங்கே ஓடும் நீண்ட பட்டையை ஃபோம் ரோலரால் உருட்டி நீளமாக்க முடியாது. உருட்டினால் சற்று இதமாக இருக்கும், அவ்வளவே.

தொடையின் பின்தசைக்கு மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சியில் தொடங்கி, அதையே ஒற்றைக்காலில் செய்து, பிறகு எடையோடு முன்னால் குனிந்து நிமிரும் பயிற்சிக்குப் போகலாம்.

எலும்பு விரிசலுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. வலியில்லாமல் நடக்க முடிகிற வரை அந்தக் காலுக்குப் பயிற்சி கிடையாது. எப்போது தொடங்குவது என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: ஓடுவதற்கு முன் ஒரு பரீட்சை

'இன்றைக்கு நல்லா இருக்கு' என்பது தகுதிச் சான்றிதழ் ஆகாது. நான் இப்போது எனக்கு வைத்துக்கொள்வது இந்தப் பரீட்சைதான்:

- 30 முதல் 45 நிமிடம் வேகமாக நடக்கிறேன். அன்றும் மறுநாள் காலையிலும் வலி இல்லை.
- ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்குவதை 20 முறைக்கு மேல் செய்ய முடிகிறது. காயம்பட்ட கால் மற்ற காலுக்குச் சமமாக, அல்லது ஓரிரண்டு மட்டும் குறைவாகச் செய்கிறது.
- ஒற்றைக்காலில் பாதி உட்கார்ந்து எழுவது பத்து முறை, முழங்கால் உள்ளே சாயாமல்.
- அதே காலில் 20 முறை குதிக்கிறேன், வலி இல்லை, பயமும் இல்லை.

கடைசியில் சொன்ன பயம் முக்கியம். காலைத் தரையில் வைக்கத் தயங்கினால் உடல் சுமையை மறுபக்கம் தள்ளிவிடும். அப்புறம் அந்தக் கால் புண்படும். ஒன்றில் தோற்றாலும் நான்காம் படிக்கு இன்னொரு வாரம்.

ஆறாம் படி: ஓட்டமும் நடையும்

ஒரு வாரத்துக்கும் குறைவாக நிறுத்தியவர்கள் வழக்கமான தூரத்தில் பாதியிலிருந்து மெதுவாகத் தொடங்கலாம். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நிறுத்தியவர்கள், எலும்புக் காயம் பட்டவர்கள் எல்லோரும் கீழே உள்ளபடி வாருங்கள். எப்போதும் ஐந்து நிமிட நடையில் தொடங்கி ஐந்து நிமிட நடையில் முடிக்க வேண்டும். இரண்டு ஓட்ட நாட்களுக்கு இடையே ஒருநாள் இடைவெளி கட்டாயம்.

1. ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, 8 முறை.
2. இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, 6 முறை.
3. மூன்று நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை, 5 முறை.
4. ஐந்து நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை, 4 முறை.
5. பத்து நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை, 2 முறை.
6. நடுவில் நிற்காமல் 30 நிமிடம்.

ஒவ்வொரு கட்டத்தையும் பிரச்சினை இல்லாமல் இருமுறை முடித்த பிறகே அடுத்தது. எல்லாம் சரியாக நடந்தால் சுமார் நான்கு வாரம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் வேகம். முதல் நாள் மொத்தமே எட்டு நிமிட ஓட்டம் என்பது கேவலமாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கையில் கட்டியிருக்கும் வாட்ச் 'உங்கள் உடற்தகுதி குறைந்துவிட்டது' என்று வேறு குத்திக்காட்டும். இந்த நான்கு வாரத்துக்கு அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்வது நல்லது.

முழங்கால் காயக்காரர்களுக்கு ஒரு சிறு உபாயம். அடிகளைச் சின்னதாக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலுக்குப் போகும் சுமை குறைகிறது. நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் 168 முதல் 176 வைத்துப் பார்க்கலாம். வேகத்தைக் கூட்டாமல் செய்ய வேண்டும் என்பதுதான் சூட்சுமம்.

ஏழாம் படி: 24 மணி நேரக் கணக்கு

'கொஞ்சம் வலிக்கிறது, தொடரலாமா?' என்பதுதான் எல்லோருக்கும் வரும் கேள்வி. வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள். ஓடும்போது 2 வரை இருந்தால் தொடரலாம். 3 முதல் 5 வரை என்றால் அந்தக் கட்டத்திலேயே நிற்க வேண்டும், முன்னேறக் கூடாது. 5-ஐத் தாண்டினால், அல்லது நடை கோணலாகத் தொடங்கினால், அங்கேயே நிறுத்தி நடந்து வீடு திரும்புங்கள்.

ஆனால் ஓடும்போது வரும் மதிப்பெண் பாதி விடைதான். உடல் சூடானதும் தசைநாண் வலி மறைந்துவிடும். ஓடி முடித்த சந்தோஷத்தில் மீதியும் தெரியாது. முழு விடை மறுநாள் காலை முதல் பத்து அடிகளில் கிடைக்கும். நேற்றுக் காலை இருந்ததைவிட அதிகமாக வலிக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா? 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் நேற்றைய அளவு சரி. திரும்பவில்லை என்றால் அது கூடுதல், அடுத்த முறை ஒரு கட்டம் கீழே இறங்குங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து தினம் காலையில் அந்த எண்ணை மட்டும் எழுதிவையுங்கள். என் 12-வது நாள் ஓட்டத்துக்கு மறுநாள் காலை நான் எழுதியிருக்க வேண்டிய எண் 6. எழுதியிருந்தால் மூன்று வாரம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருக்க முடியாது.

எலும்புக் காயத்துக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே 1 வந்தாலும் நிறுத்த வேண்டும்.

எட்டாம் படி: ஓட்டத்திலிருந்து பயிற்சிக்கு

நிற்காமல் 30 நிமிடம் ஓட முடிவதை, காயம் வருவதற்கு முன் செய்துகொண்டிருந்த பயிற்சிக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் வாரத்தின் ஓட்ட நாட்களைக் கூட்டுங்கள், பிறகு நேரத்தை, கடைசியில்தான் வேகத்தையும் மேட்டையும். ஒரே வாரத்தில் இரண்டைக் கூட்டுவது அகலக்கால் வைப்பது.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று ஒரு விதி சொல்வார்கள். 2008-ல் நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களை வைத்துச் சோதித்தபோது, அந்த விதிப்படி கூட்டியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் காயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் 10 என்ற எண்ணைக் கும்பிட வேண்டாம். என் கருத்தில், ஒரு நாளில் திடீரென்று அளவு மீறுவதுதான் அதிகம் கெடுக்கிறது. கடந்த ஒரு மாதத்தில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட இன்றைய ஓட்டம் ரொம்பத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடும் பள்ளமும் எல்லாக் காயத்துக்கும் ஒன்றல்ல. மேட்டில் ஏறும்போது கெண்டைக்காலும் அக்கிலிஸ் தசைநாணும் சுமக்கும். இறங்கும்போது முழங்காலும் அதன் வெளிப்பக்கமும் சுமக்கும். உங்கள் காயம் எங்கே இருந்ததோ அதற்கு எதிரானதை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகப் பயிற்சி தொடையின் பின்தசையையும் கெண்டைக்காலையும் சோதிக்கும். முழு வேகத்தில் முக்கால் பங்கு, 20 விநாடி, நாலைந்து முறை என்று தொடங்கினால் போதும்.

அமெரிக்க ஓட்டக்காரர் ஜோன் பெனாய்ட் கதையை யாராவது உங்களுக்கு நிச்சயம் சொல்வார்கள். 1984 ஏப்ரல் 25-ல் முழங்காலில் ஆர்த்ரோஸ்கோப்பி எனும் சிறுதுளை அறுவைசிகிச்சை, 17 நாள் கழித்து மே 12-ல் ஒலிம்பிக் தேர்வு மாரத்தானில் வெற்றி, ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் முதல் பெண்கள் ஒலிம்பிக் மாரத்தானில் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் தங்கம். கேட்க மெய்சிலிர்க்கும். ஆனால் அந்த அவசரத்தில் அவருடைய மற்றொரு காலின் பின்தசை பிடித்துக்கொண்டது என்பதைச் சொல்பவர்கள் விட்டுவிடுவார்கள். தவிர அவருக்கு முழங்காலில் உரசிக்கொண்டிருந்த ஒரு மடிப்பை வெட்டி எடுத்தார்கள், காரணமே போய்விட்டது. நமக்கு வருவது பெரும்பாலும் அப்படி வெட்டி எடுக்கக்கூடிய காரணம் அல்ல.

சாப்பாடும் தூக்கமும்

காயம்பட்ட காலத்தில் எடை கூடிவிடுமோ என்று சாப்பாட்டைக் குறைப்பவர்கள் உண்டு. அப்போதுதான் உடலுக்குப் புரதமும் சக்தியும் தேவை. எலும்பு விரிசல் திரும்பத் திரும்ப வந்தால் சாப்பிடும் அளவு செலவழிக்கும் சக்திக்கு ஈடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பற்றாக்குறைக்கு 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தனிப் பெயரே வைத்தது. பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதோ நிற்பதோ இதன் பெரிய அடையாளம். 'பயிற்சியில் இது சகஜம்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆண்களுக்கும் இது வரும், அடையாளம்தான் சட்டென்று தெரியாது. வைட்டமின் டி அளவையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

ஷூ பற்றிக் கேட்பீர்கள். காலுக்கு வசதியாக இருந்தால் சரி. மீண்டும் ஓடத் தொடங்கும் அதே வாரத்தில் புது மாதிரி ஷூவுக்கு மாறாதீர்கள். வலி வந்தால் எதனால் என்றே தெரியாமல் போய்விடும்.

வலி திரும்பி வந்தால்

வரும். ஆறாம் படியில் எல்லோருக்கும் ஒரு கெட்ட காலையாவது வரும். இரண்டு நாள் ஓட்டத்தை நிறுத்தி, சைக்கிளுக்கோ தண்ணீருக்கோ போய், காலை எண் பழைய நிலைக்கு வந்ததும் ஒரு கட்டம் கீழிருந்து தொடங்குங்கள். முதல் கட்டத்துக்கே போக வேண்டிய அவசியம் இல்லை. ஒரே கட்டத்தில் மூன்று முறை தடுக்கினால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது, ஃபிசியோவையோ டாக்டரையோ மறுபடி பாருங்கள்.

பழைய பயிற்சி அளவுக்கு வந்து ஆறு வாரம் ஆன பிறகும் நான்காம் படியின் பயிற்சிகளை வாரத்துக்கு இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே காயப்பட்டவருக்கே மறுபடி காயம்பட வாய்ப்பு அதிகம் என்பது ஓட்டக் காயங்களைப் பற்றி மிக உறுதியாகத் தெரிந்த விஷயங்களில் ஒன்று. பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதை, வலியில்லாமல் ஒரு முழு மாதம் பயிற்சி செய்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். நான் பணம் கட்டிவிட்டுத்தான் அந்த 12-வது நாள் ஓடினேன்.